தாழிக்குள் துப்பியவர்கள்

போன வாரம் கம்பத்திலிருந்து தேனிக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். சின்னமனூர் தாண்டியதும் முன் இருக்கைக்காரர் ஜன்னலுக்கு வெளியே துப்பினார். காற்று அதைப் பத்திரமாக என் சட்டையில் கொண்டுவந்து சேர்த்தது. பாக்கும் புகையிலையும் எச்சிலும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுமே, பழனிசெட்டிபட்டியில் நான் வேலை பார்த்த அருங்காட்சியகம் நினைவுக்கு வந்துவிட்டது. அந்த மாதிரி இடம் பழைய காகிதம்போல மணக்கும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எனக்கு அது எச்சில் நாற்றம்தான்.

பெரிய இடமில்லை. பஞ்சு மூட்டைகள் அடுக்கியிருந்த பழைய கிட்டங்கியை மூன்றாகத் தடுத்து ஓர் அறக்கட்டளை நடத்தியது. நாலைந்து நடுகற்கள், துருப்பிடித்த வாள்கள், நடுக்கூடத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு முதுமக்கள் தாழி. கடமலைக்குண்டு பக்கம் கிணறு வெட்டும்போது கிடைத்தது. சீட்டுக் கிழிப்பதும் விளக்கம் சொல்வதும் ஒட்டடை அடிப்பதும் நான் ஒருவனே. ஆனால் அடையாள அட்டையில் 'உதவிக் காப்பாளர்' என்று இருக்கும். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் வீட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

சீட்டு இருந்தவரை கூட்டமே கிடையாது. செய்தித்தாளில் ஏல அறிவிப்புவரை படித்து முடித்துவிடுவேன். அறக்கட்டளைச் செயலர் ஒருமுறை வெளிநாடு போய்வந்தார். அங்கே இப்படிப்பட்ட இடங்களில் காசே வாங்குவதில்லையாம். வந்த கையோடு 'அனுமதி இலவசம்' என்று பலகை மாட்டினார். ஊரே வந்து வரலாறு படிக்கப்போகிறது என்று நானும் பூரித்துப்போனேன்.

ஊர் வந்தது. வாசலிலேயே பேருந்து நிறுத்தம், அடுத்த தெருவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. காற்றாடிக்கு வந்தார்கள், கழிப்பறைக்கு வந்தார்கள், போனுக்குச் சார்ஜ் ஏற்ற வந்தார்கள். அதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் காற்றாடியும் ஓர் அரும்பொருள்தான். ஆனால் நடுகல் வீரனின் மார்பில் சாவியால் இரண்டு பெயரைக் கீறிவிட்டுப் போனவர்களை என்ன சொல்வது? வாள் பெட்டிக்குப் பின்னால் குழந்தையின் அழுக்கு டயப்பரைச் செருகியவர்களை? தாழி ஒரே வாரத்தில் எச்சில் தொட்டியானது. உள்ளே சிவப்புச் சிவப்பாக வழிந்து, மேலே பிஸ்கட் உறை மிதந்தது. 'துப்பாதீர்கள்' என்று எழுதி வைத்தேன். அந்த அட்டைமேலேயே துப்பினார்கள். காரில் வந்த ஒருவர் பத்து நிமிடம் விளக்கம் கேட்டார், தலையாட்டிப் பாராட்டினார், பிறகு குனிந்து தாழிக்குள் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனார். செயலரிடம் முறையிட்டேன். கூட்டம் வருகிறதா இல்லையா என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கூட்டத்தில்தான் பேச்சியம்மா வந்தார். மார்க்கையன்கோட்டைக்காரர். மகள் அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பிள்ளை இறந்தே பிறந்தது. துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிப்போய்த் தோட்டத்து மூலையில் புதைத்துவிட்டு, மகளுக்குத் துணையாகத் திரும்பி வந்திருந்தார். பார்வை நேரம் முடிந்தால் எங்கள் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பார். இதையெல்லாம் அவராகவே, யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார்.

ஒருநாள் தாழியைக் காட்டி, அது என்ன பானை என்று கேட்டார். மனப்பாடமாகச் சொல்லும் விளக்கத்தைச் சொன்னேன்: செத்தவர்களை இதில் வைத்துப் புதைப்பார்கள், இதில் இருந்தது சின்னச் சின்ன எலும்புகள்.

"பிள்ளையா?"

"பிள்ளையாத்தான் இருக்கும்னு சொல்றாக."

எழுந்து போய் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கழிப்பறை வாளியில் தண்ணீர் பிடித்து வந்து, சேலையைச் செருகிக்கொண்டு, தோள்வரை கையை உள்ளே விட்டார். பொருளைத் தொடக்கூடாது என்று ஓடினேன்.

"துப்புறவுகள மறிக்கல. என்னைய மறிக்க வாரீகளாக்கும்."

நான் போய் அடுத்த வாளி பிடித்து வந்தேன். அந்த நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை; கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார்.

நேரம் பாருங்கள், விருந்தாளிகளோடு செயலர் உள்ளே வந்தார். தாழியின் அடியில் சோதனைக்காக விட்டுவைத்திருந்த பழைய மண் தண்ணீரோடு போய்விட்டதைக் கண்டு குதித்தார். மண் போனது உண்மைதான். எச்சில் ஊறிய மண்ணில் என்ன சோதித்திருப்பார்களோ! இலவசமாக விட்டால் அருமை தெரியாத சனம் இப்படித்தான் செய்யும் என்று விருந்தாளிகளிடம் சொன்னார். பேச்சியம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"பிள்ள கெடந்த எடம்யா அது" என்றார், மெதுவாக.

செயலர் என் பக்கம் திரும்பி, இந்த அம்மாளை உள்ளே விட்டது யார் என்று கேட்டார்.

அடுத்த வாரமே கட்டணம் திரும்பி வந்தது, முன்னைவிடக் கூடுதலாக. அரும்பொருளை ஒரு பெண் சேதப்படுத்தியதுதான் காரணம் என்று அறிவிப்பு. எச்சிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் வந்தவர்களும் துப்பத்தான் செய்தார்கள். காசு கொடுத்த உரிமையோடு.

மகளை வீட்டுக்கு அழைத்துப்போகும் நாளில் பேச்சியம்மா அவளை எங்கள் வாசல்வரை கூட்டி வந்தார். கட்டணப் பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். காசு நான் போட்டுக்கொள்கிறேன், வாருங்கள் என்றேன்.

"வேணாம் தம்பி. அங்கன சுத்தமா இருக்கா, அத மட்டும் சொல்லுங்க."

உள்ளே போய்ப் பார்த்தேன். மறுபடியும் சிவப்பு. வெளியே வந்து, "இருக்கு ஆத்தா" என்றேன். மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து வரவும் ஏறிப் போனார்கள். அந்தப் பொய்க்கு இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

நான் வேறு வேலைக்குப் போனேன், அருங்காட்சியகமும் மூடப்பட்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது செல்போன் கடை. நடுகற்கள் யார் யார் வீட்டுத் தோட்டத்திலோ அலங்காரமாக நிற்கின்றன என்கிறார்கள். தாழி என்ன ஆனது என்று செயலரின் பழைய ஓட்டுநரிடம் ஒருமுறை விசாரித்தேன். செயலரின் பண்ணை வீட்டுக்கு ஏற்றிப் போனபோது, இறக்குகையில் உடைந்துவிட்டதாம்.

"ஓடுதான சார். பாதையில ஒரு பள்ளம் கெடந்துச்சு, அதுல கொட்டி மேல கிராவல் அடிச்சிட்டோம்."

நல்ல பாதை சார், இப்போது கார் குலுங்காமல் போகிறது என்றும் சொன்னார்.