பி.டி. சார் வெண்டை

செய்தி வந்தபோது என் வாயில் விசில் இருந்தது. பிளஸ் டூ வேளாண்மைச் செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டதால் பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆங்காங்கே ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு விதையோ களைச்செடியோ கருவியோ இருக்கும். விசில் சத்தம் கேட்டதும் பக்கத்து நாற்காலியில் நின்று, இருப்பதன் பெயரைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் பள்ளி அலுவலகத்திலிருந்து கைப்பேசியில் அழைத்தார்கள். "டீச்சர், நம்ம பொன்னுசாமி சார் இன்னைக்குக் காலைல தவறிட்டாருங்க. தூக்கத்துலயேங்க." நான் விசிலை ஊத மறந்து நின்றுவிட்டேன். ஊதாததால் பிள்ளைகளும் நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். அவர் இருந்திருந்தால், "ஊதுங்க டீச்சர், புள்ளைங்க அவினாசியே போய்ச் சேந்துருவாங்க" என்றிருப்பார். அதை நினைத்து முதலில் சிரிப்புதான் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவர் எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். கைப்பந்துக்கென்றே பிறந்த பி.டி. சார். எனக்கு அவர் அப்படி அறிமுகமாகவில்லை. நான் அவருடைய பந்தைப் பிடுங்கிப் பூட்டி வைத்தவள்.

எங்கள் பள்ளி இருப்பது திருப்பூரில், நெருப்பெரிச்சல் போகிற வழியில். ஒரு பக்கத்து மதிலை ஒட்டி நிட்டிங் கம்பெனி, மறுபக்கத்து மதிலை ஒட்டிப் பிரிண்டிங் கம்பெனி. பள்ளியில் வேளாண்மைப் பிரிவு உண்டு, வயல்தான் கிடையாது. பழைய நீல டிரம்களைப் பாதியாக அறுத்து மண் நிரப்பி அதில்தான் பயிர் வளர்த்துப் பாடம் நடத்தினேன். விளாத்திகுளத்துக் கரிசலில் பிறந்தவளுக்கு டிரம்மில் விவசாயம் செய்வது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். போதாததற்கு, ஒரு வருஷம், வயலில்லாத பள்ளிக்கு இந்தப் பிரிவு எதற்கு என்று மேலிடத்தில் கேட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு எல்லோரும் தேறினால் பிரிவு நீடிக்கும், ஒருவர் தவறினாலும் மறு ஆண்டு சேர்க்கை கிடையாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். மற்ற பிரிவுகளில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு இருந்த கடைசி வாசல் அது. அதையும் அடைத்தால் அவர்கள் பத்தாவதோடு நின்று பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள்.

அந்தக் கவலையில் நான் இருந்த நாளில்தான் ஒரு பந்து பறந்து வந்து என் தக்காளி நாற்றுகளின் மேல் உட்கார்ந்தது. எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். அவர் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சருங்க, பந்து இந்தப் பக்கம் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு சார். இனிமே போகாது, பாத்துக்கிடுங்க."

கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். பிரிவை மூடப் போவதை, டிரம்மை, நாற்றை, அவருடைய பந்தை. தலையைச் சொறிந்தபடி கேட்டுக்கொண்டவர், பந்தைத் திருப்பிக் கேட்காமலே போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், மைதானத்தில் இருந்த இரண்டு கைப்பந்துக் களங்களில் ஒன்றின் சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்துக்கொண்டிருக்கிறார்.

"இங்க உழுதுக்குங்க டீச்சர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மண்டலப் போட்டியை நம் பள்ளியில் நடத்த வேண்டும் என்று அவர் வருஷக்கணக்கில் மனுப் போட்டு, அந்த ஆண்டுதான் கிடைத்திருந்தது. "போட்டிக்கு ரெண்டு கோர்ட்டு வேணும்னு சொன்னியளே சார்?" என்றேன்.

"கோடு போடறதுக்குத்தானுங்க சுண்ணாம்பு வேணும். அழிக்கறதுக்குக் காலு போதும். போட்டி இன்னொரு வருசம் வருமுங்க."

பல வருஷம் மிதிபட்டு இறுகிய மண் அது. கடப்பாரை போட்டால் நங்கென்று திருப்பி அனுப்பியது. கைப்பந்து அணியையே வரிசையில் நிறுத்தி, உடற்பயிற்சி என்று சொல்லி வெட்ட வைத்தார். பாத்தி கட்டி, வாய்க்கால் இழுத்து, கடலை, சோளம், தட்டைப்பயறு எல்லாம் போட்டோம். பருத்தி ஊன்றிய வாரம் அவர் அணியோடு வெளியூர் போயிருந்தார். எந்த வரிசைக்கும் பெயர்ப்பலகை வைக்கக் கூடாது என்பது என் கட்டளை. பெயரைச் செடியில் படிக்க வேண்டும், பலகையில் படித்தால் பரீட்சைக்கு உதவாது.

அதனால் வந்த வினைதான் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஊரிலிருந்து திரும்பியவர், சில வாரம் கழித்துப் பருத்தி இலையைப் பார்த்து, "அட, வெண்டை போட்டிருக்கீங்களா? எனக்குப் புடிச்ச காயிங்க" என்றார். பருத்திக்கும் வெண்டைக்கும் இலையில் சாடை உண்டு, ஒரே குடும்பம். இருந்தாலும் திருப்பூரில் பிறந்து, பனியன் போடாமல் ஒரு நாளும் வெளியே வராத மனிதருக்குப் பருத்திச் செடி தெரியவில்லை. பருத்தி புடவையாய்க் காய்த்தது என்று பழமொழி சொல்வார்கள். இந்த ஊரில் அது பனியனாகவே காய்த்துக் காதர்பேட்டைக் கடைகளில் போய்த் தொங்கும் என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். யாரும் திருத்தவில்லை.

விடுமுறை நாட்களில் அவர்தான் வந்து தண்ணீர் பாய்ச்சினார். மற்ற வரிசைகளுக்குக் கடமைக்கு, அந்த வரிசைக்கு ஆசையாக. மஞ்சள் பூ பூத்தபோது வதக்குவதற்கு வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவரவா என்று கேட்டார். காய் பிடித்தபோது மட்டும் லேசாகச் சந்தேகம் வந்தது.

"ஏன் கண்ணு, காயி இத்தன குட்டையா இருக்குது?"

"குட்டை ரகமுங்க சார்" என்றான் ஒரு பையன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர். கைநிறையப் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அவர் மனைவி சரசக்கா தோட்டத்து வீட்டில் வளர்ந்தவர். மறுநாள் டிபன் பாக்ஸோடு ஆசிரியர் அறைக்குள் வந்தார் சார். திறந்தால் உள்ளே பச்சைப் பருத்திக் காய்கள். "ஊட்ல சிரிச்ச சிரிப்புல பக்கத்து ஊட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு ஓடியாந்துட்டாங்க டீச்சர். இத்தன நாளா என்னை நம்ப வெச்சுட்டீங்களே, இது நாயமுங்களா?" என்று கேட்டுவிட்டு, எங்களைவிட அதிகமாகச் சிரித்தவரும் அவர்தான். சாப்பாட்டு மணி அடித்தும் யாருக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

சிரிப்பெல்லாம் அரையாண்டுத் தேர்வோடு போய்விட்டது. முத்துச்செல்வி என்ற மாணவி அதில் தேறவில்லை. அவளும் என்னைப் போல விளாத்திகுளத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர். அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பரீட்சை என்று உட்கார வைத்தால் மட்டும் தெரிந்தது அத்தனையும் மறந்துபோகும். பிரிவு பிழைப்பதும் சாவதும் அவள் ஒருத்தியின் கையில் வந்து நின்றது. நான் அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன்.

சார்தான் கண்டுபிடித்தார். மைதானத்தில் ஓடிக்கொண்டே அவள் பக்கத்துப் பெண்ணிடம் களைகளின் பெயர்களை மடமடவென்று ஒப்பிப்பது அவர் காதில் விழுந்திருக்கிறது. "உக்கார வெச்சா மறக்குதுங்க, ஓட விட்டா ஞாபகம் வருதுங்க. நாம ஓடவே விடுவோம் டீச்சர்." அப்படித்தான் நாற்காலிகளும் விசிலும் வந்தன. பாடம் என்னுடையது, ஓட்டம் அவருடையது. மூச்சு வாங்க நின்று, "கோரை", "பார்த்தீனியம்", "ஆமணக்கு விதை" என்று பிள்ளைகள் கத்துவதைக் கேட்டு, பிரிண்டிங் கம்பெனிப் பெண்கள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். சில நாளில் அவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

செய்முறைத் தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர். கூடத்தில் நானும் இருந்தேன், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. சார் ஜன்னலுக்கு வெளியே, ஊதாத விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். முத்துச்செல்வி மேசை மேசையாக வந்து, பூவும் காயும் இல்லாத ஓர் இளஞ்செடியின் முன் நின்றாள். எழுதவில்லை. வழக்கம்போல முகம் வெளுத்தது. ஜன்னல் பக்கம் திரும்பினாள். சாரைப் பார்த்தாள். அவர் ஒரு சாடையும் காட்டவில்லை, காட்டத் தெரியவும் தெரியாது. பாவம், அந்தச் செடி இருந்த மேசை அவர் நின்ற இடத்துக்குத் தெரியவும் இல்லை. அவள் நின்ற இடத்திலேயே குதிகாலை மெல்லத் தூக்கித் தூக்கி ஓடுவதுபோல அசைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். எழுதினாள்.

தேர்வாளர் எட்டிப் பார்த்தார். "எதை வைத்துச் சொல்கிறாய், வெண்டை இல்லை என்று?"

அவள் இலையின் மடல்களையும் தண்டையும் காட்டி, படித்ததை எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதோட சார், எங்க பி.டி. சார் வெண்டைன்னு சொன்ன செடி இதுதான். அப்படின்னா கட்டாயம் பருத்திதான் சார்."

கூடமே சிரித்தது. தேர்வாளரும் சிரித்து, அந்த பி.டி. சாரைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் உள்ளே வந்து கைகட்டி நின்று, "ஆமாங்க சார், நான்தானுங்க அது. தண்ணியும் நான்தானுங்க ஊத்துனேன்" என்றார். பதக்கம் வாங்குகிறவரின் முகம் அது.

எல்லோரும் தேறினார்கள். பிரிவு இன்றுவரை இருக்கிறது. களத்தை அவர் திருப்பிக் கேட்கவில்லை. பிறகொரு ஆண்டு மண்டலப் போட்டி வந்தபோது, ஒற்றைக் களத்தில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நடத்தி முடித்தார். புதிதாக ஒரு சட்டமும் போட்டார். செடியை மிதித்தால் எதிரணிக்கு ஒரு பாயிண்ட். அப்படியெல்லாம் விதி கிடையாது என்று வெளியூர் நடுவர் ஒருவர் சண்டைக்கு வந்தார். "விதியில இல்லீங்க, ஆனா வயல்ல இருக்குதுங்க" என்று சொல்லி, அவர் கையில் ஒரு வேகவைத்த கடலைப் பொட்டலத்தைக் கொடுத்து உட்கார வைத்தார்.

துக்கத்துக்குப் போனபோது என்னோடு இந்த ஆண்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். மாலையோடு, வெடித்த பருத்தியைக் கை நிறையப் பறித்து வந்திருந்தார்கள். சரசக்கா அதைப் பார்த்ததும், அழுது சிவந்திருந்த கண்ணோடு, "வெண்டைக்காய் கொண்டாந்தீங்களா கண்ணு" என்றார். துக்க வீட்டில் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. பிறகு அந்தப் பஞ்சைக் கொட்டை நீக்கித் தொடையில் வைத்துத் திரித்து, அவர் தலைமாட்டு விளக்குக்குத் திரி போட்டார். நான் நின்று அழுதேன். அவரைப் போல ஒரு கூட்டாளி எனக்கு இனி அமையப் போவதில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியவை ஓய்வு பெற்ற அன்று அவர் கொடுத்த விசிலும் அந்த ஒரு வரிசைச் செடியும்தான். எங்கள் வயலில் இன்னும் எதற்கும் பெயர்ப்பலகை இல்லை. ஆனால் அந்த வரிசைக்கு, அவரைப் பார்த்திராத பிள்ளைகள்கூட ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: பி.டி. சார் வெண்டை. நான் திருத்துவதில்லை. பரீட்சையில் மட்டும் பருத்தி என்று எழுதச் சொல்கிறேன்.