ஹெச் என்ற எழுத்தின் சொந்தக்காரி

எங்கள் சர்வே அலுவலகத்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லெவல் அக்கா, அவ்வளவுதான். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்பது குழந்தைக்கும் தெரியும். எது மேடு, எது பள்ளம் என்று சென்டிமீட்டர் சுத்தமாகச் சொல்லத்தான் ஆள் வேண்டும். தெருவில் கழிவுநீர்க் குழாய் பதிக்கும்போது எந்தக் குழி எத்தனை ஆழம் என்று சொல்வது அக்கா. அவர் கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் தோண்டும் இயந்திரம் கையைத் தூக்கும். இருபது வருஷமாக அப்படித்தான்.

ஆள் குள்ளம், குரல் நெட்டை. தெருவின் இந்த முனையில் மட்டம் பார்க்கும் கருவிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்த முனையில் அளவுகோல் பிடிப்பவரை அதட்டினால் நடுவில் உள்ள வீட்டுக்காரர்களும் நிமிர்ந்து நிற்பார்கள்.

"கோலை நேராப் பிடிங்க! தூக்கம் வந்தா நீங்க தூங்குங்க, கோலை ஏன் சேர்த்துத் தூங்க வைக்கறீங்க?"

அக்காவின் கழுத்தில் சங்கிலி தொங்குகிறதோ இல்லையோ, கயிற்றில் ஒரு கால்குலேட்டர் தொங்கும். வரைபடம் போடும் வகை, செங்கல் கனம். அதில் தானே புரோகிராம் எழுதி வைத்திருந்தார். காலையில் கருவியை நிறுத்தியதும் அதன் கண் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு ஹெச் என்ற எழுத்தில் போட்டுவிடுவார். அன்று முழுக்க எல்லாக் குழிக்கும் அந்த ஹெச்தான் ஆதாரம்.

அந்தக் கால்குலேட்டரைத் தொடும் உரிமை இன்னொருவருக்கு மட்டும் இருந்தது. பங்காளி. அலுவலகத்தின் வரைபடக்காரர். பதினைந்து வருஷமாக இருவருக்கும் ஒரே மேஜை, ஒரே மின்விசிறி, ஒரே கால்குலேட்டர். அதனால் ஒருவரை ஒருவர் பங்காளி என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். அக்காவின் தாளைச் சரிபார்த்து, 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவதும் அவரே.

அவருக்குப் புரோகிராம் எழுதச் சொல்லிக் கொடுத்ததும் அக்காதான். அந்தப் பாடம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம், ஏனென்றால் அந்தக் குரலுக்குச் சுவர் கிடையாது.

"இங்க பாரு பங்காளி. இந்தப் பெட்டியில இருக்கற எழுத்தெல்லாம் பொது அலமாரி. உன் புரோகிராம் ஹெச்ல ஒரு எண்ணைப் போட்டுச்சுன்னா, நான் காலையில வச்சுட்டுப் போன எண் அம்போ. அதனால முதல் வரியிலயே 'லோக்கல்'னு போட்டு, உனக்கு வேணுங்கற எழுத்தையெல்லாம் எழுதிடு. அப்போ அது உன் புரோகிராமுக்குள்ள மட்டும் இருக்கும். வேலை முடிஞ்சதும் தானா மறைஞ்சுடும். வெளியில இருக்கற என் ஹெச் மேல ஒரு கீறல் விழாது."

"அதாவது, பல் விளக்க அவனவன் பிரஷ்ஷை அவனவன் கொண்டுவரணும்ங்கற."

"அதே. என் பிரஷ்ல வாயை வைக்காதே."

இப்படிச் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள், அந்தப் புதன்கிழமை வரைக்கும்.

அன்று ஒரு நீளத் தெருவில் எட்டுக் குழி. சாப்பாட்டுக்கு முன் நாலு, பின் நாலு. அக்கா ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பங்காளி கால்குலேட்டரை வாங்கிக்கொண்டு தெருவின் மறுமுனைக்குப் போனார். அங்கே வேறொரு கருவியை நிறுத்தி, வரைபடத்துக்காக நாலைந்து இடம் அளந்துகொண்டு வந்தார். அதற்கென்று முந்தின வாரம்தான் ஒரு புதுப் புரோகிராம் எழுதியிருந்தார். கால்குலேட்டர் திரும்பக் கழுத்துக்கு வந்தது. அக்கா மிச்ச நாலு குழிக்கும் ஆழம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை, கடைசிக் குழியிலிருந்து வந்த குழாயைத் தெருமுனையில் இருந்த பழைய குழாயோடு சேர்க்கப் போனார்கள். சேரவில்லை. பழைய குழாயின் வாய் மேலே இருந்தது, புதுக்குழாய் கீழே இருந்தது. காண்டிராக்டர் போனில் பேசியது பக்கத்து அறைக்கும் கேட்டது. அந்த மனிதருக்கு வாக்கியம் வராது, வெடிதான் வரும்.

"பன்னெண்டு சென்டிமீட்டர்! யாரு கணக்கு? கழிவுநீர் ஏணி வச்சு ஏறுமா? ஏணி நான் தரணுமா?"

அக்கா களப்புத்தகத்தைப் பிரித்து ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். முதல் நாலு குழியும் சரி. பின் நாலும் ஒரே அளவு, பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழம் கூட. காலையில் ஹெச் நாற்பத்தேழு புள்ளி மூன்று ஒன்று ஐந்து மீட்டர். மதியம் அது நாற்பத்தேழு புள்ளி நான்கு மூன்று ஐந்தாக மாறியிருக்கிறது. தானாக மாறாது.

"பங்காளி, உன் புதுப் புரோகிராம்ல ஹெச் இருக்கா?"

"இருக்கு. ஆனா லோக்கல் போட்டிருக்கேனே. கொடு, எதுக்கும் ஒரு தடவை பார்த்துடறேன்."

வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து நீட்டினார். திரையில் அவர் புரோகிராம். முதல் வரியே லோக்கல், பக்கத்தில் ஹெச்.

மாலையில் மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். எங்கள் மேலாளருக்கு 'அதாவது' இல்லாமல் தும்மல்கூட வராது.

"அதாவது, நீங்க என்னம்மா சொல்றீங்க? பொட்டி தப்பா? அதாவது, நீங்க தப்பா?"

அக்கா பங்காளியைப் பார்த்தார். பங்காளி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் புரோகிராம் சரியா இருக்கு சார். காட்டிட்டேன். அக்கா சாப்பிட்ட அவசரத்துல ஏதாவது பொத்தானைத் தவறி அமுக்கியிருக்கலாம். வேணும்னு செய்வாங்களா சார், பாவம்."

பதினைந்து வருஷத்தில் அவர் அக்கா என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

திங்கள் முதல் ஆழத் தாளில் பங்காளி கையெழுத்துப் போடுவார் என்று முடிவானது. அக்காவின் கவனக்குறைவால் பிழை நேர்ந்தது என்று, எங்களுக்கு வேலை கொடுத்த நகரக் குடிநீர், கழிவுநீர் அலுவலகத்துக்குக் கடிதமும் அன்றே போனது.

அக்காவின் கணவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். அவரும் அளந்து பேசும் ஆள் அல்ல. அன்று இரவு சாப்பாட்டில் ஆரம்பித்தார்.

"நீதான் அமுக்கியிருப்ப. போன வாரம் டிவி ரிமோட்டை எடுத்துட்டு வந்து ஏசி ஓடலைன்னு நின்னியே."

"அது ரிமோட். இது என் கால்குலேட்டர்."

"விரல் ஒண்ணுதானே?"

மகள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. தட்டில் பாதி இருக்கும்போதே எழுந்துபோய்க் கால்குலேட்டரை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பொத்தானையும் தடவிப் பார்த்தாராம். ஹெச்சில் எண்ணை மாற்ற ஏழெட்டுப் பொத்தான் வரிசையாக அமுக்க வேண்டும். ஏழெட்டுத் தடவையா விரல் தவறும்? ஆனாலும் லோக்கல் என்ற வரியைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். சொல்லிக் கொடுத்த பாடத்தை மாணவன் சரியாக எழுதியிருக்கும்போது வாத்தியாருக்கு வேறென்ன வழி? தன் விரல்தான் தவறியது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் நம்பிவிட்டார்.

திங்கள்கிழமை காலை, வழக்கம்போலக் கால்குலேட்டரைக் கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்தார். வாரத்துக்கு ஒரு தடவை எல்லாப் புரோகிராமையும் அங்கே நகல் எடுத்து வைப்பது அவர் பழக்கம். பேட்டரி போனால் எல்லாம் போய்விடுமே என்ற பயம். கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. இதே பெயரில் போன திங்கள்கிழமை நகல் ஒன்று இருக்கிறது, அதன் அளவு இருநூற்றுப் பதினாலு, புதியதன் அளவு இருநூற்று இருபத்து மூன்று, மாற்றவா?

பங்காளியின் புரோகிராம். அக்கா 'வேண்டாம்' என்று அமுக்கிவிட்டுப் பழைய நகலைத் திறந்தார். முதல் வரி நேராகக் கணக்கில் தொடங்கியது. லோக்கல் இல்லை. அப்படியானால் புதன்கிழமை தன் ஹெச்சில் வந்து விழுந்தது மறுமுனைக் கருவியின் உயரம்.

எதிர் நாற்காலியில் பங்காளி பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை அந்த ஜன்னல்கிட்ட என்ன பண்ணின?"

பென்சில் சீவுவது நின்றது.

"பங்காளி, மெதுவா பேசு."

"என்ன பண்ணினன்னு கேட்டேன்."

"மறந்துட்டேன். நெஜமாவே அந்த ஒரு வரி மறந்துபோச்சு. புதன்கிழமை எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தா பகீர்னு ஆயிடுச்சு."

"பகீர்னா என்கிட்ட சொல்லணும். வரியை எழுதிட்டு வந்து என்கிட்டயே காட்டற?"

"உனக்கு இருபது வருஷப் பேரு இருக்கு, நீ தாங்கிப்ப. எனக்கு என்ன இருக்கு? என்னைத் தூக்கியே போட்டிருப்பாங்க."

"மறந்ததுக்கு நானும் சேர்ந்து திட்டு வாங்கியிருப்பேன். ரெண்டு நாளா என் விரலையே நான் நம்பலை, தெரியுமா?"

அக்கா இரண்டு நகலையும் அச்செடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். மேலாளர் இரண்டு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதாவது, இதென்ன லோக்கல்?"

அக்கா திரும்பிப் பார்த்தார். வாசலில் வந்து நின்றிருந்த பங்காளிதான் விளக்கினார். பொது அலமாரியில் தொடங்கி, கீறல் விழாது என்பது வரை அப்படியே அக்காவின் பாடம். சொல்லி முடித்ததும், தான் அந்த வரியை எப்போது சேர்த்தேன் என்பதையும் சொன்னார்.

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். "சரிம்மா. நாளையிலேர்ந்து நீங்களே கையெழுத்துப் போடுங்க. அதாவது, கடிதம் போனது போச்சு. குழியையும் திருத்தியாச்சு. அதை ஏன் கிளறணும்?"

"கிளறுங்க சார். அது என் பேரு. திருத்தின கடிதம் போற வரைக்கும் நான் எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

போடவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று தாள் மேஜையில் கிடந்தது, புதன்கிழமை ஏழு. பங்காளியை இனி கையெழுத்துப் போட வைக்க மேலாளருக்கும் துணிவில்லை. இரண்டு தெருவில் இயந்திரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. காண்டிராக்டர் நேரிலேயே வந்து வெடித்தார். அக்கா அவருக்கு நாற்காலி போட்டு, மேலாளர் அறையைக் கை காட்டினார்.

வியாழன் மதியம் கடிதம் தயாரானது. பிழை யாருடையது, எந்த வரி விடுபட்டது, பிறகு எப்படிச் சேர்க்கப்பட்டது, எல்லாம் இருந்தது. கீழே பங்காளியின் கையெழுத்து. அதை எடுத்துக்கொண்டு அவரே மேஜைக்கு வந்தார்.

"பங்காளி, சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடு."

அக்கா முழுதும் படித்தார். ஒரு தேதி தவறாக இருந்தது, அதை மட்டும் பேனாவால் வட்டமிட்டார்.

"தேதியை மாத்திக் கொண்டு வாங்க."

அவர் நகரவில்லை. "ஏன் 'வாங்க'ங்கற? எப்பவும்போலத் திட்டிடேன்."

"திட்டறதுக்கு ஒண்ணுமில்லை. நேரமாச்சு, மாத்திக் கொண்டு வாங்க."

அக்கா கிடந்த ஏழு தாளையும் தன் பக்கம் இழுத்து, முதல் தாளின் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கினார். எதிர் நாற்காலிக்காரர் கடிதத்தை எடுத்துக்கொண்டு தட்டச்சு அறைக்கு நடந்தார்.