பன்னிரண்டு கம்பியும் ஒரு ஹேண்ட்ஸ்ஃப்ரீயும்

காலை ஆறு நாற்பது. மழை. ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது, படிக்கட்டில் ஏறி வந்த ஒரு கறுப்புப் பொலித்தீன் சுருள். ரப்பர் மரத்தில் வெட்டின இடத்தில் மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கக் கட்டுகிற பொலித்தீன் அது. அதற்குள் ஒரு பன்னிரண்டு கம்பிக் கிட்டார் இருந்தது. அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தவர் என் அண்ணி. அவர் முழுக்க நனைந்திருந்தார். கிட்டார் நனையவில்லை.

அண்ணி புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறார். மழை பெய்தால் வெட்டு இல்லை. நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே செய்தி திருத்துகிறவன், என் வேலை பத்து மணிக்குத்தான் தொடங்கும். அதனால் மழைக் காலைகளில் நாங்கள் பாட்டுப் பிரிப்போம். பழைய ரெக்கார்ட் ஒன்றை எடுத்து, எந்தக் கம்பி எப்போது ஒலிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து நாங்களும் வாசிப்பதற்கு நாங்கள் வைத்த பெயர் அது.

இந்தத் தடவை விளையாட்டுக்குப் பிரிக்கவில்லை. கித்துல்கலவில் ஆற்றோரமாக இருக்கும் ஒரு ஹோட்டலில் வெள்ளி, சனி மாலைகளில் வாசிக்க ஆள் தேடினார்கள். அண்ணி போய்ப் பேசினார். மனேஜர் அறுபதுகளில் வந்த ஒரு ஃபோக் ராக் பாட்டைச் சொல்லி, "ரெக்கோட் எக்கே வகேம ஓனே" என்று சிங்களத்தில் சொன்னாராம். ரெக்கார்டில் உள்ள மாதிரியே வேண்டும். சனிக்கிழமை ஐந்து மணிக்கு வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார். அண்ணி நனைந்து வந்த அன்று செவ்வாய்.

அண்ணி வெட்டுகிற பகுதியில் அடுத்த மாதம் கிழட்டு மரங்களைப் பிடுங்கப்போகிறார்கள், அதோடு வேலை போய்விடும். அவருடைய பாஸ்போர்ட் கேகாலையில் ஒரு ஏஜென்சியில் கிடந்தது, மறுபடியும் குவைத்துக்கு. முன்பு அவர் போனபோது மகளுக்கு ஐந்து வயது. திரும்பி வந்தபோது பதின்மூன்று. வந்திறங்கிய அன்று பிள்ளை அவரை விருந்தாளியைப்போல "வாங்க" என்று கூப்பிட்டாள். அந்தப் பன்னிரண்டு கம்பிக் கிட்டாரும் அந்த வருடங்களில் வந்ததுதான். வேலை செய்த வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஹோட்டல் கிடைத்தால் குவைத் இல்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

பாட்டின் முக்கால் பங்கை ஒரு வாரத்தில் பிரித்துவிட்டோம். பன்னிரண்டு கம்பிகளும் ஆறு ஜோடிகள். தடித்த நான்கு ஜோடிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய கம்பி கூடவே ஓடி, அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே சொல்லும். மிக உயரமான சத்தம் கடைசிக் கம்பியிலிருந்து வருகிறது என்று ஒரு காலை முழுவதும் நம்பினோம். அது நடுவில், மூன்றாவது ஜோடியின் மெல்லிய கம்பியில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று அண்ணி மேசையில் அடித்த அடியில் தேத்தண்ணி கொட்டியது.

மீதிக் கால் பங்கில் மாட்டிக்கொண்டோம். நடுவே மணிகளைக் கொட்டினமாதிரி ஒரு வேகமான ஓட்டம். இரண்டு வாரமாக அதற்குத்தான் சண்டை.

"மேலருந்து தொடங்குது, அண்ணி."

"கீழருந்து தொடங்குது, தம்பி. பேப்பர்ல பிழை பாத்துப் பாத்து உங்களுக்குக் காதும் பிழையா போச்சு."

"நீங்க பாதி சத்தத்தை விட்டுட்டு வாசிக்கிறீங்க."

"நீங்க இல்லாத சத்தத்தை எல்லாம் கேக்குறீங்க!"

அன்றும் அதே இடத்தில் உட்கார்ந்தோம். ஃபோன் நடுவில். எங்களிடம் ஒரே ஒரு ஹேண்ட்ஸ்ஃப்ரீ, ஆளுக்கு ஒரு காது. அண்ணி எப்போதும் கதவுப் பக்கம்தான் உட்காருவார். மழை விட்டால் வெட்டுக்குக் கூப்பிடுவார்கள், வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏழே கால் மணிக்குச் சாரல் திரும்பிக் கதவு வழியாக உள்ளே அடித்தது. அண்ணி கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தப் பக்கம் போங்க தம்பி. நீங்க நனைஞ்சா காயும், இது நனைஞ்சா போச்சு."

இடம் மாறினோம். வயர் முறுக்காமலிருக்க அவர் வைத்திருந்த காதை எனக்குக் கொடுத்தார், என்னுடையதை அவர் எடுத்துக்கொண்டார். பாட்டைப் போட்டேன். அந்த ஓட்டம் வந்தது. கீழிருந்து தொடங்கியது.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார், "ஐயோ, மேலருந்துதான் தொடங்குது!"

ஒருவரை ஒருவர் பார்த்தோம். மறுபடி போட்டோம். காதை மாற்றிப் போட்டோம். பிறகு இரண்டையும் அண்ணியின் காதுகளிலேயே மாட்டி, நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்கள் அகன்றுகொண்டே போயின.

"ரெண்டு பேரு, தம்பி! ரெண்டு கிட்டாரு!"

ஒரே சம்பவத்துக்கு இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொன்னால், யார் எங்கே நின்று பார்த்தார்கள் என்று முதலில் கேட்கவேண்டும். இளம் நிருபர்களுக்கு இருபது வருடமாக இதைச் சொல்லி வருகிறேன். இரண்டு வாரத்தில் ஒரு தடவையும் நான் கேட்கவில்லை. இடது காதில் மட்டும் விழுகிற கிட்டாரை அவரும் வலது காதில் மட்டும் விழுகிற கிட்டாரை நானும் கேட்டுக்கொண்டு சண்டை பிடித்திருக்கிறோம்.

"ஆனா ரெண்டும் சேந்தாத்தான் அந்த ஓட்டம் வருது" என்றேன். "எப்படி?"

அண்ணி விரலால் மேசையில் தட்டிக் கேட்டார். ஒரு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. சிரிக்கத் தொடங்கினார்.

"நம்ம வெட்டு மாதிரி! இன்னைக்கு மேல்மலை வெட்டுனா நாளைக்குக் கீழ்மலை. ஒன்னுவிட்டு ஒன்னு. இவன் வெட்டுறப்ப அவன் சும்மா இருக்கான், அவன் வெட்டுறப்ப இவன் சும்மா இருக்கான். ஒருத்தன் கையால இத வாசிக்கப் பாத்தா விரலு ஒடிஞ்சிரும்!"

வலது பக்கக் கிட்டாரில் தடித்த கம்பியின் சத்தமே இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். அண்ணியிடம் மேலதிகமாக ஒரு கம்பிப் பாக்கெட் இருந்தது. அதிலிருந்த மெல்லிய கம்பிகளை மட்டும் எடுத்து என்னுடைய ஆறு கம்பிக் கிட்டாரில் மாட்டினோம். எட்டு இருபதுக்கு முதல் தடவை சேர்ந்து வாசித்தோம். மெதுவாக, பிழையாக. நான்காவது தடவையில் அந்த மணிகள் கொட்டின. அண்ணி "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று காலால் தரையை உதைத்தார்.

எட்டு ஐம்பதுக்கு மழை விட்டது. உடனே கங்காணியிடமிருந்து ஃபோன் கோல்.

"போகலேன்னா இன்னைக்குப் பேரு இல்ல, சம்பளமும் இல்ல" என்று, கூடவே கொண்டுவந்திருந்த பால் கத்தியை எடுத்தார். வாசலில் திரும்பிப் பார்த்தார். "சனிக்கிழமை நீங்களும் வரணும், தெரியுந்தானே?"

"நானா? நான் ஆளுங்க முன்னால வாசிச்சதே இல்ல, அண்ணி."

"பாதி உங்ககிட்ட இருக்கு. நான் என்ன செய்ய?"

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வெயில். வெட்டு முடித்துப் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, விரல்களில் ஒட்டின ரப்பரை உரித்துக்கொண்டே நாலு மணிக்கு வருவார். ஆறு மணி வரை அந்த ஓட்டம் ஒன்றே வாசித்தோம். என் நுனி விரல்கள் வெடித்தன. அவருடையவை ஏற்கனவே மரத்துப்போனவை.

சனிக்கிழமை கரவனெல்லவில் பஸ் மாறினோம். இரண்டு கிட்டார்களும் பொலித்தீனுக்குள். ஐந்து பத்துக்கு ஆற்றுக்கு மேலே உள்ள விறாந்தையில் உட்கார்ந்து வாசித்தோம். மனேஜர் கையில் ஃபோனை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நடுவில் அந்த ஓட்டம் வந்தபோது ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார். பாட்டு முடிந்ததும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கவுத ஏக்க கஹன்னே?" யார் அதை வாசிக்கிறது?

"தென்னாம" என்றார் அண்ணி. "மாருவென் மாருவட்ட." இரண்டு பேரும், மாறி மாறி.

மறுபடி வாசிக்கச் சொன்னார். சமையல்காரர்களும் வெளியே வந்து நின்றார்கள்.

திங்கட்கிழமை காலை அண்ணி வெட்டுக்குப் போகவில்லை. பத்து மணிக்குக் கேகாலையில் இறங்கி, ஏஜென்சியிலிருந்து பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார்.