பெயருக்குப் பக்கத்தில் பத்து இடம்

கம்ப்யூட்டர் வேலை என்றால் கண்ணாடிக் கட்டடமும் கழுத்தில் தொங்கும் அட்டையும் என்று நினைப்பவர்கள், எங்கள் நூல் மில்லின் கம்ப்யூட்டர் செக்‌ஷனை ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, அதன் முன்னால் நானும் சாமுவேல் சாரும். பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, பதினேழு வருஷமாக இந்த மெஷினோடு மாரடிக்கிறேன். என்னைப் போலப் பழைய மெஷினுக்கு வாக்கப்பட்டவர்கள் எங்காவது இருந்தால், இது உங்களுக்குத்தான்.

அண்ணாச்சியின் நோட்டு

எங்கள் மெஷினில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளர் ஃபைலில் நம்பருக்கு எத்தனை இடம், பெயருக்கு எத்தனை இடம், எதற்குப் பிறகு எது என்பதை ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் எழுத மாட்டோம். வெளியே ஒரே இடத்தில் எழுதி வைப்போம். புரோகிராமைக் கம்பைல் செய்யும்போது, அதாவது மெஷினின் பாஷைக்கு மாற்றும்போது, அது அங்கே போய்ப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளும். பிற்பாடு ஃபைலின் அமைப்பை மாற்றினால், அதை நம்பியிருக்கும் அத்தனை புரோகிராம்களையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். எங்களிடம் அப்படி நாற்பது இருந்தன.

தொழிலாளர் விவரங்களைப் பார்க்கும் ஞானராஜ் அண்ணாச்சி ஒருநாள் வந்து, யார் எந்த மில் பஸ்ஸில் வருகிறார் என்பதையும் ஃபைலில் சேர்க்கச் சொன்னார். மூன்று நாள் ஆகும் என்றேன். அவர் கையிலிருந்த நீள நோட்டை என் மேஜையில் விரித்து வைத்தார். “இன்னா பாரும்மா, இங்கன ஒரு கோடு போட்டேன். பஸ்ஸு வந்துட்டு. இதுக்கா மூணு நாளு?”

காலை ஆறு மணி

நோட்டுக்கு முன்னால் தோற்க மனமில்லாமல் ஒரே நாளில் முடித்தேன். நாற்பதில் ஒன்றைக் கம்பைல் செய்யாமல் விட்டுவிட்டேன். மறுநாள் காலை ஷிஃப்ட் மாறும்போது, கேட்டில் வருகையைப் பதியும் புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. ‘நான் மனப்பாடம் செய்த ஃபைல் இது இல்லை’ என்று மெஷின் சொல்வதற்கு எங்கள் பாஷையில் லெவல் செக் என்று பெயர். அது பாட்டுக்குச் சரியாகத்தான் சொன்னது. டைம் கீப்பர் போனில் பிடித்த பிடியில் நான் நைட்டியோடு உட்கார்ந்து வழி சொல்ல வேண்டியதாயிற்று. “யம்மா, ஒங்க மெஷினு நின்னா ஒரு மெஷினுதான் நிக்கி. இங்கன முந்நூறு பேரு நிக்காவ.”

சாமுவேல் சாரின் வைத்தியம்

மேனேஜர் கூப்பிட்டுக் கிழித்தார். இனி ஒரு தடவை மெஷின் நின்றால் நீயும் அதோடு நின்றுகொள் என்றார். சாப்பாட்டு வேளையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாமுவேல் சார் நல்ல மனுஷர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் சோதனையே வேண்டாம் என்று ஃபைலுக்குச் சொல்லிவிடலாம், ஒரு வரிதான் என்றார். புரோகிராம் பழைய மனப்பாடத்தை வைத்தே படித்துவிட்டுப் போகும். தப்பில்லையா சார் என்று கேட்டேன். அவர் தயிர் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்: “கேள்வி கேக்க ஆளு இல்லன்னா பதிலு சொல்ல வேண்டாம்லா?”

பத்து இடம்

அடுத்த வருஷம் செல்போன் நம்பர் வந்தது. ஷிஃப்ட் விவரத்தை மெசேஜில் அனுப்பவேண்டுமாம். பட்டியல் எடுத்தால் பெயருக்குப் பக்கத்திலேயே நம்பர் வரவேண்டும் என்றார் ஞானராஜ் அண்ணாச்சி. புது விஷயத்தைக் கடைசியில் சேர்த்தால் முன்னால் இருப்பவை இடம் மாறாது. இது இந்தத் தொழிலில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் பெயருக்கு அடுத்து பத்து இடத்தை நடுவில் செருகினேன். எல்லாவற்றையும் கம்பைல் செய்யத்தானே போகிறோம் என்ற தைரியம்.

முப்பத்தொன்பது புரோகிராம்களைக் கம்பைல் செய்தேன். வாராவாரம் யாருக்கு எந்த டிபார்ட்மெண்ட் என்று பிரித்துப் போடும் புரோகிராமை மட்டும் இடையில் யாரோ எடுத்து, மெஷினுக்குள் புரோகிராம்களை அடுக்கும் வேறொரு லைப்ரரியில் போட்டிருந்தார்கள். நான் தேடிய இடத்தில் அது இல்லை. சோதனையைத்தான் போன வருஷமே எல்லா ஃபைலிலும் நிறுத்தியிருந்தேனே, திங்கட்கிழமை காலை எதுவும் நிற்கவில்லை. பட்டியல் அழகாக அச்சாகி வந்தது. சாமுவேல் சார் என் முதுகில் தட்டினார். “பாத்தியாம்மா, ஒரு சத்தம் இல்ல.”

எஸ்தர் சிஸ்டர் கேட்டது

ஃபைலில் பெயருக்கு அடுத்து முன்பு இருந்தது ஒற்றை எழுத்து. நெஞ்சு பலவீனமானவர்களுக்கு மில் டாக்டர் சொல்லி, நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் அதில் இங்கிலீஷ் ‘ஒய்’ போடுவார். ‘ஒய்’ இருந்தால் அந்த ஆளைப் பஞ்சைப் பிரித்து உதறும் புளோ ரூமுக்கு அனுப்பக் கூடாது. அங்கே தூசி கண்ணை மறைக்கும். விடுபட்ட புரோகிராம் அந்த ‘ஒய்’யைத் தேடிய இடத்தில் இப்போது போன் நம்பரின் முதல் எண் இருந்தது. ‘ஒய்’ இல்லை, ஆகவே ஆள் திடகாத்திரம் என்று அது முடிவு செய்தது.

அப்படிப் பதினொரு பேர். பத்துப் பேர் முதல் வாரமே சூப்பர்வைசரிடம் போய்ச் சண்டை போட்டார்கள். அவர் வாராவாரம் பேனாவால் அடித்து வேறு இடம் போட்டார், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினோராவது ஆள் சுடலைமுத்து, சண்டை போடவில்லை. ஏழு வாரம் கழித்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சிஸ்டர் என் மேஜைக்கு வந்தார். திரையில் சுடலைமுத்துவின் பெயருக்கு ‘ஒய்’ பச்சையாக மின்னியது. நான் தேடித் தேடி அந்த லைப்ரரியைத் திறக்கும்வரை அவர் நகரவில்லை. “நான் போட்ட எழுத்து இங்கனதான் இருக்கு. பொறவு அந்த மனுசன் எப்படி அங்கன போனாரு?”

கட்டில் பக்கத்தில்

விசாரணைக் கடிதத்தில் ‘கம்ப்யூட்டர் பிழை’ என்று எழுதினார்கள். கம்ப்யூட்டர் ஒரு பிழையும் செய்யவில்லை, அதன் வாயைக் கட்டியது நான்தான் என்று மேனேஜரிடமே சொன்னேன். ஊரைக் கூட்டாதே என்றார். அன்றைக்கே எல்லா ஃபைலிலும் சோதனையைத் திரும்பப் போட்டேன். ஆனால் அது சுடலைமுத்துவுக்கு என்ன பிரயோசனம்? போன நெஞ்சு போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சிஸ்டரோடு போய் அவரைப் பார்த்தேன். மூக்கில் குழாயோடு எழுந்து உட்காரப் பார்த்தார். நான் செய்ததைச் சொன்னேன், அழுகை வந்துவிட்டது. மற்றவர்களைப் போல நீங்களும் ஏன் கேட்கவில்லை என்றேன். முதல் வாரம் பட்டியலில் புளோ ரூமில் தன் பெயரைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்காமல், அன்றைக்கே வீட்டில் பாயாசம் வைக்கச் சொன்னாராம். கட்டிலருகில் நின்ற அவருடைய மனைவி தலையைக் குனிந்துகொண்டார். சுடலைமுத்து என்னையே பார்த்து, மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டார். “கம்ப்யூட்டரே போட்டுருக்குன்னா எனக்குக் கொணமாயிட்டுன்னுதான நெனச்சேன். அப்போ ஆவலியாம்மா?”

இப்போதும் எப்போதாவது காலை ஆறு மணிக்கு மெஷின் நின்று, முந்நூறு பேர் கேட்டிலிருந்து என் குடும்பத்தையே ஏசுகிறார்கள்; அப்படி ஏச்சு வாங்குகிற நாளில்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகச் சோறு இறங்குகிறது.