மாரீஸ்வரி பிடித்த முன் சீட்

பட்டாளத்தில் காலமெல்லாம் வரிசையில் நின்றவன் நான். வரிசையை மீறுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மனைவி மாரீஸ்வரிக்கோ வரிசை என்றாலே ஆகாது.

நான் எல்லையில் இருந்தபோது அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ராஜபாளையத்து நூல் மில்லுக்குப் போய்வந்தாள். மில்லில் நின்றுகொண்டே வேலை, பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு மற்றவர்கள் இடம் பிடித்துவிடுவார்கள். குள்ளமான இவளுக்கு ஜன்னல் எட்டாது. நரம்பு சுருண்டு வீங்கிய கால்களோடு, அடுத்தவர் முதுகைப் பார்த்தபடியே போய்வந்தாள்.

அந்தச் சம்பளத்தில் படித்த எங்கள் மகள் கார்த்திகா ஆக்ஸ்போர்டில் டாக்டர் பட்டம் வாங்கினாள். விழாவுக்கு எங்களை வரவழைத்தவள், “ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னால என்னம்மா பாக்கணும்?” என்று கேட்டாள்.

“பஸ்ஸுல முன்னால உக்காந்து ஊரைப் பாக்கணும். நீ படிச்ச ஊரையாச்சும் நின்னுக்கிட்டுப் பாக்க மாட்டேன்.”

கூரையில்லாத மாடி பஸ் ஒன்று ஊரைச் சுற்றிக் காட்டுகிறது. நாங்கள் போனபோது வரிசை நீண்டு கிடந்தது. கடைசியில் நின்றது நாங்கள்தான்.

“முன் சீட்டு போயிரும்,” என்றாள் மாரீஸ்வரி.

“போனாப் போவுது. ஒழுங்கா நில்லுட்டி.”

அவள் மேலே அண்ணாந்து பார்த்தாள். “ஏங்க, இதுல ஜன்னலே இல்லையே!”

சொன்ன வேகத்தில் என் கழுத்து மப்ளரை உருவி, பந்தாகச் சுருட்டி மேலே வீசிவிட்டாள். கார்த்திகா, “அம்மா!” என்று அலறினாள். வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது.

எங்கள் முறை வந்ததும் கார்த்திகா கீழ்த்தட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்; மாரீஸ்வரி ஒவ்வொரு படியாகக் கால் நோக ஏறினாள். மாடியில் எல்லா இடமும் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் மட்டும் இரண்டு சீட் காலி. நடுவில் என் மப்ளர். யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, அத்தனை பேரும் மரியாதையாக விலகிப் போயிருக்கிறார்கள்!

“பாத்தீகளா? துண்டு எந்த ஊருலயும் செல்லும்,” என்று கால் நீட்டி உட்கார்ந்தாள். மகளின் கல்லூரிக் கோபுரம் எதிரே வந்தபோது இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். ஒரு சுற்று முடிந்தும் இறங்கவில்லை. நாள் முழுக்க அதே டிக்கெட் செல்லும் என்று தெரிந்துகொண்டு இன்னொரு சுற்றும் வந்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஊர் திரும்பிய பிறகு ஒரு கல்யாணத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். ராஜபாளையம் பஸ் கூட்டத்தோடு உள்ளே நுழைந்தது. நான் ஓடிப்போய், தோளில் கிடந்த துண்டை முன் ஜன்னல் வழியாக வீசினேன். வாழ்க்கையில் முதல் முறை.

ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். பஸ் ஊரைத் தாண்டியது. வலப்பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

“ஏங்க, மலை நம்ம கூடவே வருதே! நான் மில்லுக்குப் போனப்பல்லாம் வந்துச்சா?”