சிலிக்கு ஓடின வான்

என்ர மனுசன் பார்த்தீபன் பென்ரோஸில ஒரு சாமான் கிடங்கில ஃபோர்க்லிப்ட் ஓட்டுறார். வயசு அம்பத்திரண்டு. இந்த வயசுக்குள்ள ஒரு தேர்தலிலயும் வோட்டுப் போடாத ஆள். "ஊரில போடவிடேல்லை, போட்டாலும் எண்ணுறவன் வைச்சதுதான் கணக்கு" எண்டு ஒரு கதை வைச்சிருக்கிறார். ஒக்லண்டுக்கு வந்து பதினாறு வருசம், இஞ்சயும் பேர் பதியேல்லை. ஆனால் சிலி, பொலிவியா, வெனிசுவேலா எண்டு கேட்டுப் பாருங்கோ! எந்தத் தலைவர் எப்ப வந்தவர், எந்த இராணுவம் ஆரைக் கவிழ்த்தது, எல்லாம் தண்ணிபட்ட பாடு. மகளின்ர ரீச்சரின்ர பேர் மட்டும் தெரியாது.

எல்லாம் கிடங்கில கூட வேலை செய்யிற ரமிரோவால வந்தது. அவன் சிலி நாட்டுக்காரன். எழுபத்திமூண்டில இராணுவம் ஆட்சியைப் பிடிச்ச பிறகு அவன்ர தேப்பனைக் கூட்டிக்கொண்டு போனவங்கள், ஆள் திரும்பி வரேல்லை. இவற்ற அண்ணனையும் தொண்ணூறில ஒரு செக்பொயின்டில பஸ்ஸால இறக்கினவங்கள். அவரும் வரேல்லை. இதைக் கதைச்ச நாளில இருந்து ரெண்டு பேரும் கூடப்பிறந்தவை மாதிரி. அதில எனக்கு ஒரு குறையும் இல்லை.

என்ர பிரச்சினை வேற. எங்கட மகள் மஹதிக்கு ஒரு காது கேக்காது. அவள் படிக்கிற பாபகூராப் பள்ளிக்கூடத்தில, வகுப்பில பக்கத்தில இருந்து உதவுற ஆளின்ர நேரத்தைப் பாதியாக் குறைச்சுப் போட்டினம். மூண்டு தரம் போய்க் கேட்டன். "அது போர்டின்ர முடிவு" எண்டு சிரிச்சுச் சிரிச்சு அனுப்பினவை. எனக்கு விசர் வந்திட்டுது. அப்ப நான் போர்டுக்கே வாறன் எண்டு, பள்ளிக்கூடத்தை நடத்துற அந்தச் சபைக்குப் பெற்றோர் ஆள் தெரிவு செய்யிற 2022 தேர்தலில நிண்டன்.

வேலை முடிய வீடு வீடாய்ப் போனன். ஒன்பது தமிழாக்கள் வோட்டுத்தாளை என்வலப்பில ஒட்டி என்ர கையில தந்தவை. புதன் மத்தியானத்துக்குள்ள அது பள்ளிக்கூடப் பெட்டியில விழவேணும். எனக்கு முதியோர் இல்லத்தில விடிய ஆறு மணிக்கு வேலை, மகளைக் கொண்டுபோய் விடுறது இவர்தான். "இஞ்சாருங்கோ, திங்கள் காலமை மறக்காமல் போடுங்கோ" எண்டு சனிக்கிழமை எல்லாத்தையும் ரப்பர்பாண்ட் போட்டுக் குடுத்தன்.

அடுத்த நாள் ஞாயிறு சிலிக்காரருக்கும் வோட்டு. அந்த இராணுவத் தலைவன் பினோசே காலத்து அரசியலமைப்பை மாத்திப் புதுசு கொண்டுவாறதோ எண்டு நாடே முடிவு எடுக்கிற நாள். வெளிநாட்டில இருக்கிறவையும் போடலாம். இவர் விடிய எழும்பி, புக்கெகோஹியில மரக்கறி பொதி செய்யிற சிலிப் பெடிபெட்டையளை எங்கட வானில ஏத்தி ஏத்தி வோட்டுப் போடுற இடத்தில இறக்கினார், நாலு தரம்! பின்னேரம் எண்ணினதையும் நிண்டு பாத்தாராம். "ரதி, ஒவ்வொரு தாளையும் தூக்கிக் காட்டி, சத்தமா வாசிச்சு எண்ணுறாங்கள் தெரியுமோ!" எண்டு கண் கலங்கிப்போய் வந்தார். ஒக்லண்டில புதுசு வேணும் எண்ட அவையின்ர பக்கம் வெண்டிட்டுதாம். சிலியில அப்பதான் விடியப்போகுதாம்.

திங்கள் பத்தரைக்குப் பிறகு அங்கத்தைய முடிவு வரத் தொடங்கிச்சுது. படுதோல்வி. சனமே வேண்டாம் எண்டிட்டுது. பின்னேரம் வந்த மனுசன் செத்த வீட்டுக்காரர் மாதிரி ஃபோனோட இருந்தார்.

"என்வலப் போட்டாச்சோ?"

"ஓம், ஓம்."

செவ்வாயும் கேட்டன். அதே "ஓம்". இந்த "ஓம்"மை நம்பின என்னை என்ன செய்யலாம் சொல்லுங்கோ.

புதன் பின்னேரம் முடிவு வந்தது. ஆறு வோட்டால தோத்தன். வியாழன் வானைக் கூட்டப்போனன். பின் சீட்டுக்குக் கீழ சிலிக் கொடி ரெண்டு, தண்ணிப் போத்தல், அதுக்கடியில ரப்பர்பாண்ட் போட்ட கட்டு.

ஐயோ கடவுளே எண்டு நிலத்திலயே இருந்திட்டன். பிறகு கத்தின கத்தில பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்தாள். "பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாட்டுக்கு நாலு தரம் வான் ஓட்டின உங்களுக்கு, உங்கட பிள்ளையின்ர பள்ளிக்கூட வாசலில ஒருக்கா இறங்க ஏலாமப் போச்சோ!" இவர் கட்டைப் பாத்தபடியே நிண்டார்.

கோபத்தில கட்டைப் பிச்சு எண்ணினன். ஒன்பது இல்லை, பத்து. பத்தாவதில இவற்ற கையெழுத்து. பெற்றோர் எண்டபடியால் தனக்கும் வந்த தாளை எறிஞ்சிட்டன் எண்டு எனக்குச் சொன்னவர். கிழிச்சுப் பாத்தன். என்ர பேருக்கு நேர, பேனை தாளை ஓட்டையாக்கிற அளவுக்கு அழுத்தி ஒரு சரி போட்டிருந்தார்.

அழுறதோ அடிக்கிறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை. வாழ்க்கையில போட்ட முதல் வோட்டு, அதையும் வானுக்குள்ளயே வைச்சிருந்திருக்கிறார் பாவி மனுசன்.

"அடுத்த முறை நானே கொண்டுபோய்ப் போடுறன் ரதி" எண்டார்.

அடுத்த தேர்தல் மூண்டு வருசம் கழிச்சு. மஹதி அடுத்த வருசமே அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போயிடுவாள்.