டாங்கியின் இடப்பக்கம்

மேடையில் நிற்பவனுக்கு முன்பக்கம் மட்டுமே உண்டு. பாடசாலை விவாத அணியில் ஐந்து ஆண்டுகள் இருந்து, அவற்றுள் இரண்டு ஆண்டுகள் அதற்குத் தலைமையும் தாங்கிய நான் பெற்ற பயிற்சியின் சாரம் இதுவே. சட்டையின் முதுகு கசங்கியிருக்கலாம். முன்பக்கத்து மடிப்புக் குலையலாகாது. வாதத்தில் வலுவற்ற இடம் இருக்கலாம். அதைச் சபையின் கண்ணுக்குக் காட்டலாகாது. இந்தப் பயிற்சி எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்கு ஏழு கேடயங்களைக் கொண்டுவந்தது. அதே அலுமாரியின் மேல் நின்ற ஒரு பிளாஸ்ரிக் டாங்கியின் இடப்பக்கத்தைக் கெடுத்ததும் அதுவே.

அந்த டாங்கி ஜேர்மனியில் வாழும் என் அத்தானுக்கு உரியது. அவர் என் மாமாவின் மூத்த மகன். வேலை முடிந்து வந்து சின்னஞ்சிறு பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டிக் கப்பலும் விமானமும் செய்வது அவருடைய பொழுதுபோக்கு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து டாங்கி ஒன்றின் பெட்டியை மட்டும் திறக்காமலே வைத்திருந்தார். அதை அவசரமில்லாமல், ஆறுதலாகச் செய்யவேண்டும் என்பார். முப்பத்தொன்பது வயதில் பாரிசவாதம் வந்தது. கால் திருந்தியது, பேச்சுத் திருந்தியது, வலக்கை மட்டும் திருந்தவில்லை.

ஒட்டித் தரச்சொல்லி அவர் எனக்கு அனுப்பிய அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா அதன் மேலிருந்த படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"அவனுக்கு வேறை சாமான் கிடைக்கேல்லையோ? சண்டை முடிஞ்சு இந்த ஊரிலை நிண்டதையெல்லாம் இழுத்துக்கொண்டு போய் இப்பதான் வெளிச்சமாய்க் கிடக்கு."

இதே கேள்வியை நான் தொலைபேசியில் அத்தானிடம் கேட்டிருந்தேன். அவர் சொன்ன பதில் இது:

"அந்த நேரம் நான் அதின்ரை சத்தத்தை மட்டும்தான் கேட்டனான். பங்கருக்குள்ளை குப்புறக் கிடந்தவனுக்கு என்ன தெரியும்? அது எப்பிடி இருக்குமெண்டு ஆறுதலாய், நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கவேணும். அவ்வளவுதான்."

வேறு எந்தக் காரணமும் எனக்குத் தேவைப்படவில்லை. ஆவணி மாதம் அவர் ஊருக்கு வரும்போது டாங்கி முழுமையாக நிற்கும் என்று குடும்பத்தின் தொலைபேசிக் குழுவில் வாக்களித்தேன். குரற்பதிவாக அளித்த அந்த வாக்குறுதி நான்கு நிமிடம் நீண்டது. வர்ணம் பூசும் வேலையை அத்தான் தம் இடக்கைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். ஒட்டும் வேலை முழுவதும் என்னுடையது. அந்தப் பெட்டி இப்போது கடைகளில் வருவதில்லை; கெடுத்தால் இன்னொன்று இல்லை.

இந்த ஏற்பாட்டில் ஒருவருக்கு மட்டும் உடன்பாடில்லை. அத்தானின் தங்கை, என் மச்சாள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பவர். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, பிழை கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஒட்டுவது அவருடைய தொழில். அந்த அம்புகள் நெற்றிப் பொட்டை விடச் சற்றே பெரியவை. அவர் கைப்பையில் எப்போதும் அவற்றின் தாள் ஒன்று இருக்கும்.

"நான் வேலையாலை வரமுன்னம் நீர் மேடையிலை ஏறிட்டீர்," என்றார், குரற்பதிவைக் கேட்டுவிட்டு. "அண்ணா ஆள் தேடினது கைக்கு. நீர் வாயைக் குடுத்திருக்கிறீர்."

"மச்சாள், இரண்டையும் கொடுப்பேன்."

"பார்ப்பம்."

பெட்டியைத் திறந்தேன். மணல் நிறத்தில் பதினான்கு சட்டங்கள். அவற்றில் காய்கள் போலத் தொங்கிய ஐந்நூற்றுச் சொச்சம் துண்டுகள். செய்முறைத் தாளில் ஒரு சொல்லும் இல்லை. படங்களும் எண்களும் மட்டுமே இருந்தன. சொல்லற்ற ஒரு நூலை நான் அதற்கு முன்னர் மதித்ததில்லை; அதையும் மதிக்கவில்லை. அடித்தட்டிலும் அதன் சக்கரச் சில்லுகளிலும் தொடங்கும்படி அது காட்டியது. நானோ பீரங்கியில் தொடங்கினேன். சபையின் கண் முதலில் விழும் இடம் அதுவல்லவா?

பீரங்கி சிறப்பாக அமைந்தது. அதன்பின் வலப்பக்கத்தை எடுத்தேன். மல்லாவிச் சந்தையில் வாங்கிய நகவெட்டியால் ஒவ்வொரு துண்டையும் வெட்டி, முனையைத் தேய்த்து, மூச்சை அடக்கி ஒட்டினேன். சில்லுகளைச் சுற்றி ஓடும் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகக் கோக்கவேண்டும். ஒரு பக்கத்துக்கு எண்பத்தாறு கண்ணிகள். ஒவ்வொன்றும் பச்சையரிசி அளவு. மூன்று வாரங்கள் கழிந்தன. வலப்பக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை என்பதை இன்றும் எந்த மேடையிலும் நிறுவுவேன்.

இடையில் வவுனியாவில் ஒரு விவாதப் போட்டி வந்தது. அதற்கான தொகுப்புரையைச் சொல்லிப் பார்த்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தேன். உரை உச்சத்தை எட்டியபோது எழுந்து நின்றேன், கைகளை விரித்தேன், அப்படியே முற்றத்துக்கும் போய்விட்டேன். அத்தான் அனுப்பிய பசைப் போத்தல் மூடியில்லாமல் பிற்பகல் முழுவதும் மேசையில் இருந்தது. திரும்பி வந்தபோது அதனுள் தேன்பாகு போல் ஒரு கட்டி மட்டும் எஞ்சியிருந்தது. போட்டியில் வென்றோம் என்பதையும் இங்கே பதிவு செய்வது முறை.

அத்தான் வர ஐந்து நாட்கள் இருந்தன. கடையில் விற்கும், செருப்பு ஒட்டும் பசையை வாங்கினேன். அது தொட்டவுடன் பிடிப்பது. திருத்த இடம் தராதது. மூன்று மாலைகளில் இடப்பக்கத்தை முடித்தேன். சில்லுகள் இரண்டு சாய்ந்தன. பசை காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படலம் பூத்தது. கண்ணிகளில் இரண்டு மெத்தையின் கீழோ எங்கோ போய்விட்டன. அந்த இடைவெளியை மேலே, சில்லை மூடும் தகட்டின் மறைவில் தள்ளினேன். பின்னர் டாங்கியை அலுமாரியின் மேல், வலப்பக்கம் சபைக்கும் இடப்பக்கம் சுவருக்குமாக நிறுத்தினேன்.

மச்சாள் வந்து பார்த்தார். வலப்பக்கத்தைப் பார்த்துத் தலையை அசைத்தார். அடுத்த கணம் கையை நீட்டி டாங்கியைச் சுவரிலிருந்து திருப்பினார்.

"எங்கடை இடத்திலை சட்டையைப் புரட்டிப்போட்டுத்தான் பார்க்கிறது," என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். சங்கிலியை விரல்நுனியால் தடவிக்கொண்டு போனார். பிறகு கேட்டார்: "வயலிலை நெல்லு வெட்டுற மெஷின் பார்த்திருக்கிறீரோ?"

"ஓம்."

"அதின்ரை பெல்ட் ரெண்டு பக்கமும் ஒரே பக்கத்துக்குத்தானே ஓடுது. உம்மடை டாங்கியிலை வலப்பக்கம் முன்னாலை போகுது, இடப்பக்கம் பின்னாலை வருது. இது சண்டைக்குப் போகாது. நிண்ட இடத்திலை நிண்டு சுத்தும்."

உண்மைதான். எண்பத்து நான்கு கண்ணிகளையும் தலைமாற்றிக் கோத்திருந்தேன்.

"பார்ப்பவர் கண்ணுக்குப் படாத குறையைக் குறை என்று கொள்வதற்கில்லை," என்றேன்.

"இதை அண்ணாவுக்குச் சொல்லும்," என்றுவிட்டுப் போனார். அந்த ஒரு வரி இரண்டு நாட்கள் என்னுடன் இருந்தது. நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கவேண்டும் என்று கேட்டவருக்கு நான் ஒரு பக்கத்தைச் செய்து வைத்திருந்தேன். ஆயினும் நேரமில்லை என்று எனக்கே வாதாடி, எனக்கே தீர்ப்பும் வழங்கிக்கொண்டேன்.

அத்தான் ஒரு சனிக்கிழமை முற்பகல் மச்சாளுடன் வந்தார். நான் அலுமாரியின் பக்கத்தில் நின்று வரவேற்புரையைத் தொடங்கினேன். உழைப்பின் மேன்மை பற்றிய பகுதிக்கு வரும்போதே அவர் இடக்கையை நீட்டி டாங்கியை எடுத்துவிட்டார். இடக்கையால் எடுப்பவரின் பக்கம் டாங்கியின் மறுபுறம் திரும்பும் என்பதை என் உரை கணக்கில் எடுத்திருக்கவில்லை.

இடப்பக்கம் முழுவதும் சிவப்பு அம்புகள் ஒட்டியிருந்தன. எப்போது வந்து ஒட்டினார் என்பதை மச்சாள் இன்றுவரை சொல்லவில்லை.

அத்தான் எண்ணினார். "ஒம்பது," என்றார். "ஆர் ஒட்டினது?"

"நான்தான் அண்ணா. பழக்கதோஷம்."

"நீர் என்ன சொல்லுறீர்?" என்று என்னைப் பார்த்தார்.

முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக என்று சொன்னேன். பசை காய்ந்த வரலாற்றைச் சொன்னேன். போட்டியில் வென்றதையும் சொன்னேன். அத்தான் இறுதிவரை குறுக்கிடாமல் கேட்டார். நடுவர்கள்கூட அப்படிக் கேட்பதில்லை.

"நல்லாக் கதைக்கிறீர்," என்றார். "இப்ப கழட்டுவம்."

செருப்பு ஒட்டும் பசை கடுங்குளிரில் நொறுங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. டாங்கியைப் பொலித்தீன் பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு உறையறையில் வைத்தோம். மத்தியானச் சமையலுக்கு மீன் எடுக்கப் போன அம்மா, "விளைமீனுக்குப் பக்கத்திலை டாங்கி வைச்ச வீடு வன்னியிலை இது ஒண்டுதான்," என்று குசினிக்குள்ளிருந்து சொன்னார்.

சாப்பாட்டுக்குப் பின் எடுத்தபோது இடப்பக்கத்துச் சங்கிலி துண்டு துண்டாகக் கழன்று வந்தது. சில்லுகளும் அசைந்தன. அத்தான் புதிய பசைப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். என்னை அவர் முன்னமே அறிந்திருந்தார் போலும். ஆனால் அந்தப் பசை ஆறுதலாகத்தான் பிடிக்கும். ஒட்டிய வரிசையை அசையாமல் பல நிமிடம் வைத்திருக்க வேண்டும். எனக்கோ கையை அசைக்காமல் இருந்து பழக்கமில்லை.

அத்தான் தம் வலக்கையை மேசைமேல் வைத்தார். மடங்கிய விரல்களை இடக்கையால் விரித்து, ஒரு சில்லை இடையில் வைத்து, விட்டார். விரல்கள் தாமாக மூடிக்கொண்டன.

"இது பிடிச்சால் விடாது," என்றார். "டொக்டர் இதை வருத்தம் எண்டு மருந்து எழுதுறார். இண்டைக்கு வேலை எண்டு வைப்பம்."

அப்படித்தான் அந்தப் பிற்பகல் கழிந்தது. மச்சாள் சாவணத்தால் கண்ணிகளைக் கவ்வி எடுத்துத் திசை பார்த்துக் கோத்தார். அத்தானின் கை பிடித்துக்கொண்டிருந்தது. பசை காய்ந்ததும் மச்சாள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவித்தார். அடுத்த வரிசை ஏறியது. கண்ணிகளைச் சுரண்டித் துடைத்து, முனை பார்த்து நீட்டுவது என் பணி. ஒரு கட்டத்தில் நான் எதையோ விளக்க வாய் திறந்தேன்.

"கதைக்காதையும்," என்றார் மச்சாள். "உம்மடை மூச்சிலை கண்ணி பறக்குது."

நான்கு மணித்தியாலம் ஒரு சொல்லும் பேசவில்லை. என் வாழ்வில் நான் எடுத்த மிக நீண்ட ஓய்வு அது. காணாமற்போன இரண்டு கண்ணிகளுக்குப் பதிலாகச் சட்டத்தில் மேலதிகமாக இருந்தவை கிடைத்தன. செய்முறைத் தாளை அன்றுதான் முதன்முறையாக முழுவதும் பார்த்தேன்.

ஒவ்வொரு பிழையும் திருந்தத் திருந்த மச்சாள் அதன் அம்பை உரித்துக்கொண்டு வந்தார். முடிந்தபோது எட்டு உரிந்திருந்தன. ஒன்பதாவது, பிழையேதும் இல்லாத வெறும் பக்கத்தகட்டில் ஒட்டியிருந்தது.

"இதிலை என்ன பிழை?" என்று கேட்டேன்.

"இதிலை ஒண்டுமில்லை. சுவரைப் பார்த்து வைச்சதுக்கு ஒட்டினது."

அத்தான் கதிரையை இழுத்து, தம் கண்மட்டத்துக்கு டாங்கி வரும்படி அமர்ந்தார். முன்புறம் பார்த்தார். மேசையை அசைக்காமல் அதைக் கால்வட்டம் திருப்பினார், மறுபடியும் திருப்பினார். நாங்கள் இருவரும் நின்றோம். அந்தச் சந்தர்ப்பத்துக்குப் பொருந்தும் வாக்கியங்கள் மூன்று என்னிடம் ஆயத்தமாக இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

"இவ்வளவுதான்," என்றார் நாலு பக்கமும் பார்த்து முடிந்தபின். குரலில் ஏமாற்றமில்லை. "சரி. பார்த்தாச்சு."

அடுத்த கிழமை முழுவதும் இடக்கையால் பச்சை வர்ணம் பூசினார். கொண்டுபோகச் சொன்னோம், எயாப்போட்டில் சோதிப்பவர்கள் பெட்டியைத் திறந்தால் அதற்கு ஒரு பேச்சாளரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டி வரும் என்று மறுத்துவிட்டார். டாங்கி எங்கள் அலுமாரியின் மேலேயே நிற்கிறது, இம்முறை இடப்பக்கம் சபைக்கு. வீட்டுக்கு வருபவர்கள் அதைப் பாராட்டும்போது, ஏழு நிமிடம் இடைவிடாது பேசப் பயின்ற நான் அதை எடுத்து அவர்கள் கையில் கொடுக்கிறேன்.

"திருப்பிப் பாருங்கோ," என்கிறேன்.